பேப்பர் கேட்காத நாடு

ஓய்வு பெற்ற அன்று நூலகத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இத்தனை வருடத்தில் உங்களுக்கு மிகவும் கஷ்டமாக இருந்த நாள் எது?" என்று கேட்டார்கள். குளியல் தொட்டிக்குள் விழுந்த சமையல் புத்தகத்தை ஒரு மனிதர் ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டு வந்து என் மேசையில் வைத்த கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அது கஷ்டமான நாள் இல்லை, பகிடியான நாள். உண்மையான நாளை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு வசதியாக இருக்கிறது. அறுபத்தைந்து வயதிலும் நான் கோழைதான்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்தவள் நான். ஒரு பழைய அமெரிக்க நாவல் எங்களுக்குப் பாடநூலாக இருந்தது. கையுறை தைக்கும் கடையில் கூட்டிப் பெருக்கிய ஏழை இளைஞன் ஒருவன் கப்பலேறி அமெரிக்காவில் ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறான். உழைக்கிறான், சொந்தக் கடை வைக்கிறான், மேட்டில் வீடு கட்டுகிறான். கடைசி நாற்பது பக்கத்தில் எல்லாம் கையை விட்டுப் போகிறது. தான் கட்டிய வீட்டின் கதவை அவனே போய்த் தட்ட, புதிய வேலைக்காரி பின்பக்கத்தால் வரச் சொல்கிறாள். முடிவில் ஒரு ரயில் நிலைய வாங்குப் பலகையில் செத்துக் கிடக்கிறான். அந்தக் காலத்து அமெரிக்க நாவல்களில் பாதி இந்த வழியில்தான் முடியும்.

"அமெரிக்கக் கனவு எட்டாத மாயை என்பதை இந்நாவலைக் கொண்டு விளக்குக" என்று பரீட்சையில் கேள்வி வரும். பிள்ளைகள் கானல்நீர் என்று எழுதுவார்கள், நான் சிவப்பு மையால் சரி போடுவேன். எழுதியவர்களில் ஒருத்தியும் ஆனையிறவைத் தாண்டியதில்லை. இப்போது அவர்களில் பாதிப்பேர் கனடாவில் இருக்கிறார்கள். படிப்பித்த நான் ஜெர்மனிக்கு வந்தேன். ஊருக்கடி உபதேசம் என்பது இதைத்தான்.

எண்பதுகளின் நடுவில் அண்ணரோடு வந்து சேர்ந்தேன். எங்கள் இருவருக்கும் அகதி அந்தஸ்து கிடைத்தது. அது அதிர்ஷ்டம், வேறு ஒன்றும் இல்லை. எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குக் கிடைக்கவில்லை. வுப்பர்டாலில் முதல் இரண்டு வருடம் நான் நிலம் துடைத்த இடங்களில் இந்தக் கிளை நூலகமும் ஒன்று. ஆங்கிலப் புத்தகங்கள் இடம் மாறிக் கிடந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், துடைக்கும்போதே அவற்றை வரிசையாக அடுக்கிவிடுவேன். அதைக் கண்டுபிடித்தவர் கிளைத் தலைவி ஃபிராவ் கெஸ்லர். ஏச்சு விழப்போகிறது என்று நின்றேன். அவர் பயிற்சிக்கு விண்ணப்பப் படிவம் கொடுத்தார். மூன்று வருடம், இரண்டு பரீட்சை, பிறகு திரும்பி வரும் புத்தகங்களைப் பெறும் மேசை எனக்கு என்று ஆனது.

ஃபிராவ் கெஸ்லரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. கழுத்தில் ஒரு கண்ணாடி, தலையில் ஒரு கண்ணாடி. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நாங்கள் பிழை விட்டால், மறுநாள் காலை எங்கள் மேசையில் ஒரு மஞ்சள் துண்டு இருக்கும். அதில் ஒரே ஒரு வரி, அதன்கீழ் அவருடைய பெயரின் முதலெழுத்து இரண்டு. அந்தத் துண்டை விட ஊரில் எங்கள் அதிபர் மதர் எல்லோர் முன்னாலும் ஏசுவது எவ்வளவோ மேல் என்று தோன்றும்.

புத்தகத்தைத் திரும்பப் பெறும் முறையை அவர்தான் எனக்குக் கைபிடித்துக் காட்டினார். முதலில் ஆளின் முகத்தைப் பார்க்கக் கூடாது, புத்தகத்தைப் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடுமாம். மூடியபடி மூன்று விளிம்பையும் பார்க்க வேண்டும். ஈர மணம் இருக்கிறதா என்று மோந்து பார்க்க வேண்டும். அட்டையைத் திறந்து மூட்டு தளர்ந்திருக்கிறதா என்று பெருவிரலால் அழுத்த வேண்டும். பிறகு பக்கங்களை விசிறி போல ஓட விட வேண்டும். கடைசித் தாளின் மூலையில் பென்சிலால் மொத்தப் பக்க எண் இருக்கும். சந்தேகம் வந்தால் உட்கார்ந்து எண்ண வேண்டும். கிழிசலுக்கு மெல்லிய தாளும் பசையும், ஒருநாளும் செலோடேப் இல்லை. பக்கம் குறைந்த புத்தகம் என்றால் நூலக முத்திரைக்கு மேல் குறுக்காக இன்னொரு முத்திரை அடித்து, அவருடைய இரண்டு எழுத்தையும் வாங்கி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டியில் போட வேண்டும். அங்கிருந்து அது கூழாகப் போகும். இலவசமாகக் கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது. வாசிப்பவர் ஏமாந்து போவார் என்பார்.

இன்னொன்றும் சொல்வார். கதை எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் வேலை, கதையைச் சொல்வது இல்லை. இந்த இரண்டு விதியையும் நான் ஒரே ஆளுக்காக மீறினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். அருளப்பன் என்று ஒரு பொடியன், முப்பது வயது இருக்கும், கலியாணம் முடித்தவன். எங்கள் கிளைக்குப் பின்னால் இருந்த அகதிகள் விடுதியில், ஹைம் என்போம், மனைவி ஸ்ரெல்லாவோடு ஓர் அறையில் இருந்தான். அசூல் என்கிற அகதித் தஞ்ச வழக்குத் தோற்று, மேன்முறையீட்டில் கிடந்தது. கையில் இருந்தது டுல்டுங். திருப்பி அனுப்பாமல் இப்போதைக்கு விட்டு வைத்திருக்கிறோம் என்று சொல்லும் கடதாசி அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் நீட்ட வேண்டும். வேலை செய்ய ஒரு கடிதம், பக்கத்து நகரத்துக்குப் போக ஒரு கடிதம். எசன் நகரத்தில் நடந்த சொந்தக்காரப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு அனுமதி இல்லாமல் போய், பஸ் நிலையத்தில் பொலிஸ் மறித்து வழக்கு எழுதினதில் இருந்து அவனுக்கு பேப்பர் என்ற சொல்லைக் கேட்டாலே முகம் கறுக்கும்.

ஒரு வியாழக்கிழமை என் மேசைக்கு வந்தான்.

"ரீச்சர், அமெரிக்காவைப் பற்றி ஒரு புத்தகம் தருவீங்களே? இங்கிலீசில இருந்தாலும் பரவாயில்லை."

"என்னத்துக்கு தம்பி?"

"மச்சான் அங்க பெற்றோல் ஸ்ரேசனில நிக்கிறான். என்னையும் வரச்சொல்லுறான். ஏஜென்சிக்காரன் ஒராளோடையும் கதைச்சிருக்கிறன். போற நாட்டைப் பற்றி ஒண்டும் தெரியாமல் போக ஏலாதெல்லோ."

நூலக அட்டை ஒரு வருடத்துக்குக் கொடுப்பது. அவனுடைய அனுமதி மூன்று மாதத்துக்கு. ஆகவே அட்டை கொடுக்க முடியாது. அவன் சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிய விதம் எனக்குப் பொறுக்கவில்லை. அதே கிழமைதான் எங்கள் ஆங்கிலத் தட்டில் இருந்த அந்தப் பழைய நாவல், நான் பதினைந்து வருடம் படிப்பித்த அதே நாவல், கடைசி நாற்பது பக்கமும் கழன்று தொலைந்து என் மேசைக்கு வந்திருந்தது. குறுக்கு முத்திரை அடித்தேன். கெஸ்லரின் எழுத்தை வாங்கவில்லை. அடுத்த வியாழன் அதை ஒரு பழைய பத்திரிகையில் சுற்றி அவனிடம் கொடுத்தேன். அமெரிக்காவைப் பற்றி அறிய நூறு வருடத்துக்கு முந்திய நாவலைக் கொடுப்பவளை என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த அமெரிக்கா அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் என் இடைவேளையில், வாசிப்பறை மூலை மேசையில் எங்களுக்குப் பாடம் நடந்தது. அவன் ஒரு கொப்பி வைத்திருந்தான். விளங்காத சொல்லை எழுதிக்கொண்டு வருவான், நான் விளக்குவேன். ஆனால் அவன் கதையை வாசிக்கவில்லை, நாட்டைத்தான் வாசித்தான். முதலாளியிடம் தொப்பியை எப்போது கழற்ற வேண்டும், வாடகை அறை கேட்கும்போது என்ன சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பார்களா என்றெல்லாம் கொப்பியில் எழுதி வைத்தான். எனக்குச் சிரிப்பு வரும். "தம்பி, இது கதை, அதுவும் பழங்கதை" என்பேன். "தெரியும் ரீச்சர்" என்பான், எழுதிக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் அவன் முகம் சின்னப்பிள்ளையின் முகம் போல மலர்ந்திருந்தது.

"ரீச்சர், ஒரு விசயம் கவனிச்சனீங்களே? முந்நூறு பக்கம் வாசிச்சிட்டன். ஒருத்தன் எண்டாலும் அவனிட்ட பேப்பர் கேக்கேல்ல!"

"என்ன?"

"கப்பலால இறங்குறான், கேக்கேல்ல. வேலைக்குப் போறான், கேக்கேல்ல. ஊர் விட்டு ஊர் போறான், அப்பவும் கேக்கேல்ல. என்ன வேலை தெரியும் எண்டு மட்டும்தான் கேக்கினம். எப்பேர்ப்பட்ட நாடு ரீச்சர் அது!"

பதினைந்து வருடம் படிப்பித்தும் நான் அதைக் கவனித்ததில்லை. எந்தப் பிள்ளையும் பரீட்சையில் எழுதியதுமில்லை. அதைக் கவனிக்க டுல்டுங்கில் இருக்கிறவன் வேண்டியிருந்தது. அந்தக் காலம் வேறு, இன்றைக்கு உலகத்திலேயே அதிகம் பேப்பர் கேட்கிற இடம் அதுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சிரித்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன்.

அடுத்த மாதம் ஒரு வியாழன் அவன் ஸ்ரெல்லாவையும் கூட்டிக்கொண்டு வந்தான், அல்லது அப்படித்தான் நான் நினைத்தேன். அவள் அதற்கு முன் ஒருநாளும் வந்ததில்லை. வெளிக்குளிருக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமலே கதிரை நுனியில் இருந்தாள். அருளப்பன் ஒரு கடிதத்தை என் முன்னால் வைத்தான். மேன்முறையீடும் தள்ளுபடி. வழக்கறிஞர் இன்னொரு விண்ணப்பம் போடலாம் என்கிறார், கோயில் ஆட்களும் உதவுவதாகச் சொல்கிறார்கள், ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும். ஏஜென்சிக்காரன் மூன்று கிழமையில் கள்ளவழியால் ஆட்களை ஏற்றுகிறானாம். அன்று இரவுக்குள் அவனுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"இஞ்ச இருந்து இன்னும் எத்தினை வருசம் முத்திரை குத்துவிக்கிறது ரீச்சர்?" என்றான். பிறகு பையிலிருந்து அந்த நாவலை எடுத்தான். "உள்ளதெல்லாம் வாசிச்சு முடிச்சிட்டன். கடைசிப் பக்கங்கள் இல்லை. அவன் மேட்டில வீடு கட்டினதோட நிக்குது. பிறகு என்ன நடந்தது?"

ஸ்ரெல்லா அப்போதுதான் வாய் திறந்தாள். "சொல்லுங்கோ ரீச்சர். நீங்கள் சொன்னாத்தான் இவருக்கு ஏறும்."

எனக்கு அந்த விடை தலைகீழ்ப் பாடம். வாயைத் திறந்து, தம்பி, அவன் செத்துப் போகிறான், கட்டிய வீட்டுக்குள்ளேயே அவனை விடவில்லை என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? அவன் முகத்தைப் பார்த்தேன். தாடியைக்கூட மழிக்காமல், கடிதத்தை நான்காக மடித்துப் பிடித்துக்கொண்டு இருந்தான். ஒரே நாளில் இரண்டு கதவை ஒருவனுக்கு அடித்துச் சாத்துகிற மனம் எனக்கு வரவில்லை.

"அவனுக்கு நல்லாத்தான் முடியுது தம்பி" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஊரில் விட்டு வந்த தாயைக் கூப்பிட்டான் என்றேன். கிழவி கப்பலால் இறங்கும்போது ஊர்ப் பெரியவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள் என்றேன். கையுறைக் கடைப் பழைய முதலாளி அவனிடமே வேலை கேட்டு வந்தான் என்றேன். பத்து நிமிடம் சொன்னேன். வருடக்கணக்காக வாயை மூடிக்கொண்டு தட்டு எண் மட்டும் சொன்னவளுக்கு இரண்டு பேர் கண் வெட்டாமல் இருந்து கேட்டது இனித்தது. இரக்கம் பாதி என்றால் இந்த இனிப்பு பாதி. இரண்டையும் எழுதாவிட்டால் இதை எழுதுவதில் பயன் இல்லை.

அருளப்பன் கொப்பியை மூடினான். ஸ்ரெல்லா கதிரையைப் பின்னால் தள்ளினாள். எழும்பிப் போகும்போது நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. சரியான அமசடக்கான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன்.

போகிற நாளுக்கு முதல்நாள் வந்து, "போட்டு வாறன் ரீச்சர்" என்றான். குளிருக்கு நல்ல காலுறை வாங்கினாயா என்று கேட்டேன். அவன் கடைசியாக நடந்த வழியில் குளிர் இல்லை, வெயில்தான் என்று பிறகுதான் தெரிந்தது. மொஸ்கோவில் இருந்து ஒருமுறை ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்தான். பிறகு பெயரே வாயில் நுழையாத ஒரு தென்னமெரிக்க நாட்டில் ஏழு மாதம் ஓர் அறைக்குள் பதின்மூன்று பேரோடு. கடைசியாக அமெரிக்க எல்லைக்குக் கிட்ட ஓர் ஊரிலிருந்து எடுத்தபோது அடுத்த கிழமை நடக்கத் தொடங்குகிறோம் என்றானாம். அதன்பிறகு ஏஜென்சிக்காரனின் இலக்கமும் வேலை செய்யவில்லை.

ஒரு வருடம் கழித்து ரொறன்ரோவில் இருந்து முன்பின் தெரியாத ஒருவன் ஸ்ரெல்லாவுக்குப் போன் எடுத்தான். அதே கூட்டத்தில் எல்லைப் பாலைவனத்தில் நடந்தவன். "அக்கா, அண்ணைக்குக் கால் புண்ணாப் போட்டுது. ரெண்டாம் நாள் மத்தியானம் நடக்க ஏலாமல் இருந்திட்டார். வழிகாட்டி எங்களை நிக்க விடேல்ல. தண்ணி கொஞ்சம் குடுத்திட்டு வந்தனாங்கள்" என்று சொல்லி அழுதானாம். எல்லை தாண்ட இன்னும் ஒருநாள் நடை இருந்ததாம். அமெரிக்காவை அவன் கண்ணால் காணவில்லை.

உடல் இல்லை, அதனால் மரணப் பத்திரமும் இல்லை. வெளிநாட்டவர் அலுவலகத்தில் படிவம் நிரப்ப அவளுக்கு மொழிபெயர்க்க நான் போனேன். விதவை என்று எழுதச் சொன்னேன். அதற்கு பேப்பர் வேண்டும் என்றாள் அங்கிருந்த பெண். அவள் கெட்டவள் இல்லை, தண்ணீர் கூட எடுத்துக் கொடுத்தாள். ஆனால் கணவனைப் பிரிந்து வாழ்பவர் என்ற கட்டத்தில்தான் புள்ளடி போட்டாள். ஸ்ரெல்லா அதன்கீழ் கையெழுத்து வைத்தாள்.

மறுநாள் ஃபிராவ் கெஸ்லரின் அறைக் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், வியாழக்கிழமை, முடிவு, பாலைவனம்.  நான் முடித்ததும், "அந்தப் புத்தகத்தில் என் எழுத்து இருந்ததா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அது பிழை" என்றார். பிறகு கழுத்துக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மற்றதற்கு என்னிடம் விதி இல்லை, ஃபிராவ் மரியதாஸ்." என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அன்று முழுக்க என் மேசையில் தானே இருந்தார். மறுநாள் மஞ்சள் துண்டு இருக்கும் என்று பார்த்தேன். இருக்கவில்லை. இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வழக்கறிஞர் சொன்ன விண்ணப்பம் ஸ்ரெல்லாவுக்குச் சரிவந்தது. அருளப்பன் போன நாளிலிருந்து எண்ணினால் நான்கு வருடம் ஆகவில்லை, வதிவிட அனுமதி கிடைத்துவிட்டது. அவன் இருந்திருந்தால் அவனுக்கும் அதே கடிதத்தில் கிடைத்திருக்கும். அவள் முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போனாள், பயிற்சி முடித்தாள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு எடுத்தாள். நூலக அட்டையும் எடுத்தாள். நானே எழுதிக் கொடுத்தேன்.

அனுமதி கிடைத்து ஐந்தாவது வருடம் ஒரு மாலை, வேலை உடுப்போடு என் மேசைக்கு வந்தாள். ஒரு புத்தகத்தை வைத்தாள். அதே நாவல், ஜெர்மன் மொழிபெயர்ப்பு.

"டொச்சில இருக்கு எண்டு இப்பதான் கண்டனான் ரீச்சர். நேற்று வாசிச்சு முடிச்சனான்."

நான் புத்தகத்தை எடுக்கவில்லை.

"அவன் ஸ்ரேசனில செத்துக் கிடக்கிறான்" என்றாள்.

"ஓம்."

"தாயைக் கூப்பிடேல்ல."

"இல்லை பிள்ளை."

"நீங்கள் மறந்துபோய்ச் சொன்னனீங்களோ, தெரிஞ்சுகொண்டு சொன்னனீங்களோ?"

மறந்துவிட்டேன் என்று சொல்ல அவளே எனக்கு வழி திறந்து விட்டாள். அந்த அளவுக்கு நான் கீழே போகவில்லை.

"தெரிஞ்சுதான் சொன்னனான். அவரின்ட முகத்தைப் பாக்க ஏலாமல் கிடந்தது. இரக்கத்தில சொல்லிப்போட்டன்."

 அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் புத்தகத்தோடு காத்து நின்றார்கள். அவள் குரல் உயரவில்லை.

"அண்டைக்கு அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வரேல்ல ரீச்சர். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தனான். நான் மறிச்சும் அவர் கேக்கேல்ல, ரீச்சர் சொன்னாக் கேப்பார் எண்டு நினைச்சன். நீங்கள் படிச்சனீங்கள், வேண்டாம் எண்டு சொல்லுவீங்கள் எண்டுதான் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவள் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

"இரக்கப்பட ஹைம் முழுக்க ஆக்கள் இருந்தவை. வேண்டாம் எண்டு சொல்லத்தான் ஒருத்தரும் இருக்கேல்ல."

கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கதவால் போனாள். பின்னால் நின்றவர் தன் புத்தகத்தை நீட்டினார், நான் வாங்கினேன்.

அதன்பிறகு பல வருடம் அந்த மேசையில் இருந்தேன். ஸ்ரெல்லா வாசிப்பதை விடவில்லை, அது அவளுடைய அட்டைப் பதிவில் தெரியும். பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன். மாதம் மூன்று நான்கு புத்தகம் எடுத்தாள், எல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிளையில். அவள் வீட்டிலிருந்து எங்கள் கிளைக்கு ஐந்து நிமிட நடை. அங்கே போவதற்கு இரண்டு பஸ் மாற வேண்டும்.